சுகந்தி இருக்கும் கவுண்டி

என் சிநேகிதி சுகந்தி அமெரிக்காவில் ஒரு கவுண்டியில், நம் ஊர் மாவட்டம் மாதிரி ஒன்றில், இருக்கிறாள். அங்கே எல்லாமே பல்கலைக்கழகம்தான். ஆஸ்பத்திரியும் அதனுடையது, பஸ்ஸும் அதனுடையது. சனத்தில் பாதி மாணவர்கள், மீதி அவர்களை நம்பிப் பிழைப்பவர்கள். அவளின் கணவர் பேராசிரியர், வீடு ஏரிக்கரையில். எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழர் நிறைந்த ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடியில் லிஃப்டுக்குக் காத்து நிற்கும்போது அவள் அனுப்பும் படங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

போன கோடையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு சனிக்கிழமை நான் சேலை உடுத்தியபடி சலித்துக்கொண்டேன்.

"இண்டைக்கும் ஒரு செத்தவீடு. ஆளை எனக்கு வடிவாத் தெரியாது. போகாட்டிக் கதைப்பினம்."

சுகந்தி குனிந்து என் சேலை மடிப்பைச் சரிசெய்துவிட்டாள்.

"என்ர மாமி செத்தது லீவு நேரம். படிக்கிற பெடியள் போனால் எங்கட இடம் வெறிச்சுப் போயிடும். தேவாரம் பாட ஒருத்தரும் இல்லை. நான் போனிலதான் போட்டுவிட்டனான்," என்றாள். பிறகு கேட்டாள்: "நானும் வரட்டே?"

முன்பின் தெரியாத அந்த மனிதருக்காக, அங்கே நின்ற எல்லாரையும் விட அவள்தான் சத்தமாகப் பாடினாள்.

அந்த ஏரிக்கரை வீட்டின் மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். ஆனால் என்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று அன்றுவரை நான் நினைத்ததே இல்லை.