சுத்தியல் தலையில் இருந்த அழுக்கு

பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலையில் நான் தர ஆய்வாளன். ‘ரிஜெக்ட்’ என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன். போதாததற்கு எங்கள் பிரிவின் ஃபைவ் எஸ் குழுவுக்குத் தலைவன் வேறு. வேண்டாததைத் தூக்கி எறி, மிச்சத்தைத் துடை, துடைத்ததைச் சுற்றி மஞ்சள் கோடு போடு என்பதுதான் ஃபைவ் எஸ். பதவி தலைக்கேறி, வீட்டில் மிக்சியைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறேன். அதைப் பிய்த்து எறிந்தபோது என் மனைவி சொன்னதை அச்சில் எழுத முடியாது.

ஓசூரில் பாகலூர் சாலைப் பக்கம் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரர்கள், கணவனும் மனைவியும் மட்டும். எனக்கு அவர்கள் அண்ணன், அக்கா. அண்ணனுக்கு வேறொரு கம்பெனியில் பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுவார். அக்காவுக்குச் சர்க்கரையில் பார்வை போய், வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். தங்களுக்குள் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், என்னிடம் தமிழ்.

அவர்கள் வீட்டில் ஒரு பழைய கடிகாரம் உண்டு. அண்ணனின் அப்பா பெங்களூரில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் சமையல் செய்தவர். துரை ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. கணப்பு அடுப்புக்கு மேலே இருக்கும் பலகையில் வைப்பதற்கென்றே செய்தது. ஓசூரில் குளிர் இருக்கிறது, கணப்பு இல்லை. அதனால் முதலில் ஃபிரிட்ஜ் மேல் வைத்தார்களாம். ஃபிரிட்ஜ் உறுமும்போதெல்லாம் ஊசல் கோபித்துக்கொண்டு நின்றுவிடவே, சுவரோரம் ஒரு மரப் பலகைக்குக் குடிபெயர்ந்தது.

அதன் அழகு சத்தத்தில்தான் இருந்தது. தண்ணீர் நிரம்பிய குடத்தை உள்ளங்கையால் தட்டியது போல மணி அடிக்கும். பக்கத்து அறையில் தூங்கும் அண்ணன் புரண்டுகூடப் படுக்க மாட்டார். சமையலறையில் இருக்கும் அக்கா எண்ணிக்கொள்வார். மாத்திரை, ஊசி, சாப்பாடு, அண்ணனை எழுப்புவது எல்லாம் அந்தச் சத்தத்தை வைத்துத்தான்.

“போன் மணி சொல்லுமேக்கா,” என்று ஒருமுறை கேட்டேன்.

“சொல்லும்பா. தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்லும். அவரு எழுந்துக்குவாரு. அதோட, போனு கேட்டாத்தான் சொல்லுது. இது கூடவே இருக்குது.”

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் அண்ணன் டிராக்டருக்குப் பூஜை போடச் சொந்த கிராமத்துக்குப் போயிருந்தார். தொழிற்சாலையில் ஒரு வாரமாக இயந்திரங்களைத் துடைத்தும் என் கை அரிப்பு அடங்கவில்லை.

“அக்கா, கடியாரத்தத் துடைச்சித் தரன்.”

“வெளிய மட்டும் துடைப்பா. உள்ள கை வெக்காத.”

“என்னாக்கா, நான் மைக்ரான்ல வேல பாக்கறவன்.”

“அதான் பயமா இருக்குது.”

மாடிக்கு எடுத்துப் போய், வெளியே துடைத்தேன். பிறகு, தூசி உள்ளே இருந்தால் வெளியே துடைத்து என்ன பயன் என்று எனக்கு நானே கூட்டம் போட்டு, நானே தீர்மானம் நிறைவேற்றி, பின்கதவைத் திறந்தேன்.

அசந்துபோனேன். பித்தளைத் தகடுகள், அவற்றுக்கு நடுவே சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் ஆரக்காலிலும் ஓரத்தை அரத்தால் ராவி வழவழப்பாக்கியிருந்தார்கள். யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கும் திருகுகளின் தலையைக்கூட மயில்கழுத்து நீலம் வரும்வரை சூடுகாட்டி எடுத்திருந்தார்கள். நாங்களெல்லாம் வரைபடத்தில் கேட்டால்தான் ஓரத்தை மழிப்போம். கேட்காததையும் செய்திருந்தவனை நினைத்து மனதார ஒரு சல்யூட் வைத்தேன்.

வைத்த கையோடு குறை தேட ஆரம்பித்தேன். புத்தி அது.

மணி அடிக்கும் சிறு சுத்தியலின் தலையில் கறுப்பாக, கெட்டியாக ஏதோ அப்பியிருந்தது. காலங்காலமாகச் சேர்ந்த எண்ணெய்ப் பிசுக்கு என்று முடிவு கட்டினேன். ரிஜெக்ட். பிளேடால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பித்தளை பாலிஷ் தேய்த்துப் பளபளக்க வைத்தேன். தொழிற்சாலை வழக்கப்படி ‘முன்’ ஒரு படம், ‘பின்’ ஒரு படம் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கட்டைவிரல்கள் குவிந்தன. சுரண்டியது குப்பை வண்டியில் போயிற்று.

கீழே கொண்டுபோய் வைத்ததும் மணி ஆறு அடித்தது. பள்ளிக்கூடம் விட்டது மாதிரி இருந்தது.

அக்கா அப்படியே நின்றார். “இது எங்க மணி இல்லயே?”

“உங்களுதுதாங்க்கா. சளி எடுத்துட்டன், தொண்ட தெளிஞ்சிடுச்சி.”

அக்கா பலகையைத் தடவிப் பார்த்து, கடிகாரத்தைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார்.

விடுமுறை முடிந்து அண்ணன் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து படுத்தார். பத்து மணி அடித்தபோது, “ஏமாயிந்தி? ஏமாயிந்தி?” என்று, என்ன ஆச்சு என்பதைத் தெலுங்கில் அலறிக்கொண்டு, அவிழ்ந்த லுங்கியைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு ஓடிவந்தார். கம்பெனியில் தீ விபத்துக்கு அடிக்கும் மணி என்று நினைத்தாராம். அந்த வாரம் எனக்கு மதிய ஷிஃப்ட். மாடிப்படியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மறுநாளும் ஓடிவந்தார். அன்றும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் அண்ணன் தெலுங்கில் கத்துவது மாடிவரை கேட்டது. தமிழில் சொன்னால்: “கடியாரத்துக்குக் கெழடு தட்டிப்போச்சி. அடிக்கறத நிறுத்து, இல்லன்னா எடைக்குப் போட்டுட்டு வரன்.”

அந்தக் கடிகாரத்தின் முகத்தில் சாவி கொடுக்க இரண்டு துளைகள் உண்டு. ஒன்று முள் ஓட, ஒன்று மணி அடிக்க. அக்கா மணிக்கான சாவியைக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். முள் மட்டும் ஓடியது, முள்ளைப் பார்க்க முடியாதவர் வீட்டில்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மதியம் இறங்கிப் போனபோது, அக்கா ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார். எந்தக் கம்பிவரை சூடு ஏறியிருக்கிறது என்று பார்த்து மணியைக் கணக்குப் போடுகிறார் என்பது எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும், கூப்பிடாமல் மேலே ஏறி வந்துவிட்டேன்.

அன்று போனை எடுத்து, நான் பெருமையாகப் போட்ட ‘முன்’ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அழுக்கு இல்லை. தோல். ஓரத்தைச் சீராக வெட்டி, வட்டமாக வளைத்து, சுத்தியல் தலையில் கச்சிதமாகப் பதித்திருந்தார்கள். அவ்வளவு மென்மையான சத்தம் அதிலிருந்துதான் வந்திருக்கிறது. நாள்பட்டுக் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். படத்துக்குக் கீழே கட்டைவிரல்கள் அப்படியே இருந்தன. ஒன்று என்னுடையது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

“தோலு போச்சின்னு சத்தத்துலயே தெரிஞ்சிதுப்பா.”

“அப்பவே ரெண்டு சாத்து சாத்தியிருக்கலாமேக்கா?”

“எவ்ளோ சந்தோஷமா கொண்டாந்து வெச்ச. அவருகிட்ட சொல்லல. சொன்னா உன்ன வீட்ட காலி பண்ணச் சொல்லுவாரு.”

அண்ணன் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, பழைய பெல்ட், கிரிக்கெட் பந்தின் உறை, தொழிற்சாலைத் தோல் கையுறை என்று துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றாகச் சுத்தியலில் ஒட்டி அடித்துக் காட்டினேன். பெல்ட் போட்டால் கதவைத் தட்டுவது போல இருந்தது. பந்து சரிப்படவில்லை. கையுறைக்கு மட்டும் அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“அந்தச் சத்தம் இல்ல. இருக்கட்டும், அவரு தூங்கிடுவாரு.”

அக்கா மறுபடி மணிக்குச் சாவி கொடுத்தார். மறுநாள் மணி அடித்தும் அண்ணன் தூங்கினார். சாயங்காலம் என்னைக் காபிக்குக் கூப்பிட்டார்.

“பாத்தியாப்பா, கடியாரம் தானா சரியாயிடுச்சி. நல்லவேள எடைக்குப் போடல. என்னா ஆகியிருக்கும்ன்ற?”

இதுதான் சமயம். அக்கா டம்ளரை நீட்டியபடி என் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தார். சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

“ஆயுத பூஜைக்குப் பொரி வெச்சமில்லண்ணா, கொஞ்சம் ஓவரா தின்னுட்டுத் தெம்புல கத்திட்டிருந்திச்சி. இப்ப செரிச்சிடுச்சி.”

அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து என் முதுகில் தட்டினார். “நீ இருக்கறதாலதாம்பா இந்த வீடு கலகலன்னு இருக்குது.”

அக்கா சிரிக்கவில்லை.

“காபி ஆறுது, குடி,” என்றார்.