கங்காம்பிகா வாய் திறக்காத நாட்கள்

கங்காம்பிகா அங்கடிக்குப் பிறவியிலேயே கடுகடுத்த முகம். சிரிக்கும்போது மட்டும் அது எங்கோ போய்விடும். சிரித்து முடித்ததும் யாரையோ கண்டிக்கப் போகிற மாதிரி திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஹூப்ளியில் வித்யாநகர்ப் பக்கம், துணிக்கடை மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுப்பார்கள். நோயாளி பேரைப் பதிவதில் தொடங்கி மருந்துச் சீட்டு, பில் வரை எல்லாம் அதில் ஓடும். அவளை மேனேஜர் ஆக்கியபோது முதலாளி ஜோஷி, "அம்மா, உங்க மூஞ்சி ஒண்ணு போதும். ஒருத்தனும் லேட்டா வரமாட்டான்" என்று கேலி செய்தார்.

அந்தக் கேலி சீக்கிரமே கசந்தது. விருபாக்ஷ என்ற கெட்டிக்காரன் ஒருவன் திடீரென்று வேலையை விட்டு நின்றான். போகிற அன்று கேட்டே விட்டான்.

"என்ன தப்பு பண்ணேன் மேடம்? ஒரு மாசமா என்னை முறைச்சுக்கிட்டே இருக்கீங்க. காலையில ஆபீஸ் படி ஏறும்போதே வயித்தக் கலக்குது."

கங்காம்பிகா திகைத்துப்போனாள். அந்த மாதம் முழுக்க அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி.

"ஐயோ, எனக்குப் பல்லு வலிப்பா!"

அவன் சிரித்தான். ஆனால் அதற்குள் புனேயில் வேறு வேலைக்குச் சரி சொல்லியிருந்தான். நல்ல ஆள் ஒருவனைச் சொத்தைப்பல்லுக்குப் பறிகொடுத்தோமே என்று அவளுக்கு வெகுநாள் ஆறவில்லை.

அதன்பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாள் சாயங்காலம் தெருமுனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவாள். கிர்மிட் பொரியும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்து, தன்னைப் பற்றித் தானே புகார் சொல்கிறவள் மாதிரி ஆரம்பிப்பாள்.

"என் மூஞ்சி இப்படித்தான். இதைப் பாத்து அர்த்தம் பண்ணிக்காதீங்க. கோபம் வந்தா வாயால சொல்லுவேன். சொல்லலேன்னா கோபம் இல்லைன்னு அர்த்தம். தப்பு நடந்தா சூட்டோட கொண்டாங்க. ரொட்டியும் கெட்ட சேதியும் ஆறிப்போனா எனக்குத் தொண்டையில இறங்காது. சாப்பிடும்போது வேலை பேசினா எனக்குக் காது கேக்காது. அப்புறம், லீவு வேணும்னா வேணும்னு சொல்லுங்க, போதும். காரணம் கேக்கமாட்டேன். நம்ம ஆபீஸ்ல லீவுக்காக யாரோட பாட்டியும் சாக வேண்டாம்."

சொன்னபடியே நடந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் கத்துகிற நேரத்தில் போனைத் தான் வாங்கிக்கொள்வாள். "ஆமா டாக்டர், எங்க தப்புதான்" என்பாளே தவிர, யார் பேரையும் சொல்லமாட்டாள். போனை வைத்தபிறகு தப்பு செய்தவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எங்க இடறிச்சு, காட்டு" என்பாள். சின்ன டீம்தான். மேடம் என்ற அழைப்பு போய், எல்லாரும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அந்த டீமில் ரேணுகா தளவார் வாயாடி. மனதில் பட்டதை அந்த நிமிஷமே போட்டு உடைத்துவிடுவாள். இர்ஃபான் நதாஃப் அதற்கு நேர்மாறு. கையில் வேலை பேசும், வாய் பேசாது. எந்தக் கஷ்டமான வேலையையும் அவனிடம் கொடுக்கலாம், ஆனால் வாடிக்கையாளர் முன்னால் நிறுத்தினால் வியர்த்துவிடுவான். அதனாலேயே கங்காம்பிகா அவனை முன்னால் நிறுத்துவதே இல்லை.

அந்த வருஷம் மழைக்காலம் முடிகிற சமயம் அவள் குரல் கம்ம ஆரம்பித்தது. ஜலதோஷம் என்று நினைத்து மிளகுக் கஷாயம் குடித்தாள். குரல் இன்னும் கீழே போயிற்று. கணவர் சிவானந்த், ரயில்வே ஒர்க்‌ஷாப்காரர், நச்சரித்து தார்வாடில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். குரல் நாணில் ஒரு முடிச்சு, எடுத்துவிட வேண்டும், எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார் டாக்டர். எதற்குப் பரிசோதனை என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் சிவானந்த் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். கல்யாணமான புதிதில்கூட அவர் பஸ்ஸில் கை பிடித்தவர் இல்லை.

ஆபீசில், "எனக்குக் கொஞ்ச நாள் லீவு வேணும்" என்றாள். அவ்வளவுதான். காரணம் கேட்கக்கூடாது என்பது அவளே போட்ட ஏற்பாடாயிற்றே, எல்லாரும் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

மத்தியானம் ரேணுகா ரொட்டி டப்பாவோடு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, லீவுக்குக் காரணம் சொல்ல வேணாம். சரி. கெட்ட சேதி இருந்தா சூட்டோட சொல்லணும். அதுவும் சரி. இது ரெண்டும் முட்டிக்கிட்டா எது பெரிசு?"

"சாப்பிடு. சாப்பிடும்போது எனக்குக் காது கேக்காது."

"நான் வேலை பேசலையே! உங்க தொண்டையப் பத்திப் பேசறேன். நீங்க தினமும் வெந்நி குடிக்கறது எங்களுக்குத் தெரியாதா? எங்களை மட்டும் சொல்லு சொல்லுங்கறீங்க. நீங்க முழுங்கிக்கிட்டே இருக்கீங்க. அதான் தொண்டை கட்டிக்கிச்சு."

கங்காம்பிகா பிட்ட ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். பிறகு சொன்னாள். முடிச்சைச் சொன்னாள், பரிசோதனையைச் சொன்னாள். "பயமா இருக்கு ரேணுகா" என்பதையும் சொன்னாள். சிவானந்திடம்கூட அதை அவள் சொல்லியிருக்கவில்லை.

ரேணுகா எழுந்து வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்த இர்ஃபான், உள்ளே வருவதா போவதா என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலை மட்டும் மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பரிசோதனை முடிவு வரச் சில நாள் ஆகும், அதுவரைக்கும் அதற்குப் பிறகு கொஞ்ச நாளும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று டாக்டர் கட்டளை. பேச்சே பிழைப்பாக இருந்தவள் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். குக்கர் விசில் அடித்தால்கூடப் பொறாமையாக இருந்தது. சிவானந்த் அவள் முகத்தைப் பார்த்து, "காபியா? ஜன்னலச் சாத்தணுமா? என் மேல கோபமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். மூன்றாவதுக்குத்தான் அவள் வேகமாகத் தலையாட்டி மறுப்பாள்.

அந்த நாட்களில்தான் பாகல்கோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பழைய கணக்குகளைப் புதிய சாஃப்ட்வேருக்கு மாற்றும் வேலை வந்தது. வழக்கமாக கங்காம்பிகாதான் கூடப் போவாள். இந்தத் தடவை இர்ஃபான் தனியே போனான்.

மறுநாள் காலை அவள் போன் அடித்தது. இர்ஃபான். பழக்க தோஷம், எடுத்துக் காதில் வைத்துவிட்டாள். "ஹலோ" சொல்ல வாயைத் திறந்து, சட்டென்று மூடிக்கொண்டாள்.

"அக்கா! பெரிய தப்பு ஆயிடுச்சு..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். பின்னால் ஒரே கூட்டச் சத்தம். "ஐயோ, நீங்க பேசக்கூடாதுல்ல! மறந்தே போயிட்டேன். இங்க நெட்டும் போச்சு, மெசேஜும் போகல. வச்சுடவா?"

கங்காம்பிகா நகத்தால் போனை இரண்டு தடவை தட்டினாள்.

"ரெண்டு தட்டு... வேணாம்னு அர்த்தமா?"

ஒரு தட்டு.

"ஒண்ணுன்னா ஆமா. சரி. சரிக்கா." அவன் மூச்சு வாங்குவது கேட்டது. "பசப்பான்னு பேரு கூப்பிட்டோம். ஒரு கிழவி எழுந்து வந்து, 'நான் எப்படிடா பசப்பா ஆவேன்?'ங்கறா. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. மாத்தும்போது நம்பர் ஒரு வரி நகந்திருக்கு. ஒருத்தர் நம்பர்ல அடுத்தவர் பேரு நிக்குது. காலையிலேர்ந்து வந்தவங்க எல்லாருக்கும் இப்படித்தான். ஒருத்தர் மருந்து இன்னொருத்தருக்குப் போனா..."

அவள் நாக்கின் நுனியில் பத்து உத்தரவுகள் வந்து நின்றன. எதையும் சொல்ல முடியாது. காத்திருந்தாள்.

"முதல்ல பதிவ நிறுத்தணும்" என்றான் அவன்.

ஒரு தட்டு.

"மருந்துக் கவுன்டரையும் நிறுத்தணும். பழைய நோட்டுலயே எழுதச் சொல்லணும். வந்தவங்களத் திருப்பிக் கூப்பிட்டுப் பேரு கேட்டு சரி பாக்கணும்."

ஒரு தட்டு. இந்தத் தடவை கொஞ்சம் பலமாக.

"அப்ப டாக்டர்கிட்ட..." குரல் தேய்ந்தது. "நீங்களா இருந்தா நீங்களே பேசியிருப்பீங்க. நான் மெதுவா சரி பண்ணிட்டு அப்புறமா சொல்லவா?"

இரண்டு தட்டு.

"சரிக்கா. போன வைக்காதீங்க. சட்டைப் பையில போட்டுக்கறேன்."

துணி உரசும் சத்தம் கேட்டது. மருந்துக் கவுன்டரில் அவன் ஏதோ விசாரிப்பது கேட்டது. பிறகு படிகள், ஒரு கதவு. பெரிய டாக்டர் ஹிரேகௌடர் என்பவரின் குரல், முதலில் சாதாரணமாக, பிறகு கூரையைப் பிளக்கிற மாதிரி. "நோயாளிங்க உயிரோட விளையாடறீங்களா? உங்கள எவன் இங்க அனுப்பினான்?" கங்காம்பிகா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். இத்தனை வருஷமாக அந்த மாதிரிக் குரல்களுக்கு முன்னால் நின்றவள் அவள்தான். இப்போது அவன் சட்டைப் பைக்குள் தானே கிடப்பது மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

இர்ஃபானின் குரல் நடுங்கியது, ஆனால் உடையவில்லை. "தப்பு என்னோடது டாக்டர். திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா முதல்ல மருந்துக் கவுன்டர நிறுத்தச் சொல்லுங்க. யாருக்கும் இன்னும் மருந்து கைக்குப் போகல, இப்பத்தான் பாத்துட்டு வந்தேன். ஒவ்வொருத்தரையும் நானே பேரு கேட்டு சரி பண்றேன். முடிக்காம இந்த இடத்த விட்டுப் போகமாட்டேன்."

சத்தம் அடங்கியது. டாக்டர் யாரையோ கூப்பிட்டுக் கவுன்டரை நிறுத்தச் சொல்வது கேட்டது. அப்போதுதான் தான் அழுதுகொண்டிருப்பது கங்காம்பிகாவுக்குத் தெரிந்தது.

"உன் மேனேஜர் எங்கப்பா?" என்றார் டாக்டர்.

"லைன்லதான் இருக்காங்க. ஆனா பேசமாட்டாங்க."

"ஏன், அவங்களுக்கும் உன் மேல கோபமா?"

"இல்ல டாக்டர். தொண்டையில ஆபரேஷன்."

போன் கை மாறியது. "அம்மா, நான் ஹிரேகௌடர். குரல் நாணா?"

ஒரு தட்டு.

"ஒண்ணு தட்டினா ஆமாவாம் டாக்டர்" என்று இர்ஃபானின் குரல் தூரத்தில் கேட்டது.

"ஓ. இங்க பாருங்கம்மா, வாயத் திறக்காதீங்க. கிசுகிசுன்னும் பேசக்கூடாது, அது இன்னும் கெடுதல். தண்ணி நிறையக் குடிங்க. காரம் குறைங்க. ஹூப்ளிக்காரங்ககிட்ட இதச் சொல்றது வீண், இருந்தாலும் சொல்றேன். உங்க பையன் இருக்கான், பாத்துக்குவான். திட்டறத நான் அவனுக்கே குடுத்துட்டேன், உங்களுக்கு மிச்சம் வைக்கல."

அன்று பொழுது சாயும்வரை இர்ஃபான் ஒவ்வொரு நோயாளியாகப் பேர் கேட்டுச் சரிசெய்தான். 'நான் எப்படிடா பசப்பா' என்ற கிழவி போகும்போது அவன் கையில் ஒரு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனாளாம். நெட் வந்ததும் அவன் அனுப்பிய முதல் செய்தி அந்த வாழைப்பழத்தின் படம்.

பரிசோதனை முடிவு அந்த வாரக் கடைசியில் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, வெறும் முடிச்சு. சிவானந்த் போனில் கேட்டுவிட்டு சமையலறை வாசலில் நின்றார். சொல்ல வந்தவருக்குப் பேச்சு வரவில்லை. கங்காம்பிகா அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஆபீசுக்கு அவள் திரும்பியபோது குரல் வந்திருந்தது. பழைய குரல் இல்லை. கரகரவென்று அடியில் எங்கிருந்தோ வந்தது. கொஞ்சமாகப் பேச வேண்டும் என்பதால் மீட்டிங்கில் பாதி நேரம் மற்றவர்களே பேசினார்கள். முதலில் அவளுக்கு வாய் பரபரத்தது. போகப்போக, இவர்களுக்கு இவ்வளவு தெரியுமா என்று கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். ஆஸ்பத்திரிகளில் நடக்கும் பேச்சுவார்த்தைக்கு இர்ஃபானை அனுப்பினாள். இன்னும் வியர்க்கத்தான் செய்தது அவனுக்கு. கைக்குட்டை ஒன்று கூடுதலாக எடுத்துக்கொண்டு போனான்.

ஒருநாள் கதக் ஊரிலிருந்து புதிய ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர் போன் செய்தார். கங்காம்பிகா எடுத்து, "சொல்லுங்க" என்றாள்.

"வணக்கம் சார். கங்காம்பிகா மேடம் இருக்காங்களா சார்?"

எதிரே ரேணுகா வாயைப் பொத்திக்கொண்டாள். இர்ஃபான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையை ஒளித்துக்கொண்டான்.

"இருக்காங்க, ஒரு நிமிஷம்" என்று கங்காம்பிகா போனைப் பொத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு மட்டும் பழையபடியே, கணீரென்று, கீழே துணிக்கடை வரைக்கும் கேட்டது.