எந்தக் குறிச்சி?

காலை 6.10. யாழ்ப்பாணத்தில் வவுனியா பஸ் ஏறினேன். கிளிநொச்சிக்கு நாற்பத்திரண்டு மைல். ஒரு ரூபாய் இருபது சதம். மடியில் என் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கான வினாத்தாள் கட்டு. யாழ்ப்பாணத்துச் சாதி ஏற்றத்தாழ்வு வன்னிக் குடியேற்றங்களில் என்னவாகிறது என்பதுதான் ஆய்வு. ஆனையிறவு தாண்டியதும் கேள்விகளை மறுபடி வாசித்துப் பார்த்தேன். முன்பின் தெரியாத வீட்டில் போய் நின்று அந்தரங்கம் கேட்கத் துணிச்சல் வேண்டும். எனக்கு அது மருந்துக்கும் கிடையாது.

9.30. கிளிநொச்சியில் வாடகைச் சைக்கிள், நாளுக்கு ஒரு ரூபாய். சரளைக்கல் பரவிய கிரவல் ரோட்டில் ஏழு மைல். நான் போன குடியேற்றத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஆட்களின் பெயர்களும் மாற்றியவை.

11.00. அங்கே நாலு காணிக்கு ஒரு கிணறு. நாலு வீட்டாரும் ஒரே வாளியால் அள்ளினார்கள். எங்கள் ஊரில் கனவிலும் நடவாத காரியம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் பிழை விட்டேன்.

கந்தையா என்ற குடியேற்றக்காரர் கதிரை போட்டு இருத்தினார். பக்கத்துக் காணி முருகேசரும் கதை கேட்க வந்து உட்கார்ந்தார். மூன்றாவது கேள்வி, பிறந்த ஊர். கந்தையா சொன்னது என் அம்மாவின் ஊர்.

“அட, என்ர அம்மாவும் அங்கைதான்! நீங்கள் எந்தக் குறிச்சி?” என்று கேட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் சாதியை நேரே கேட்பதில்லை. ஊருக்குள் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு குறிச்சி; அதைக் கேட்டால் போதும். கந்தையாவின் மனைவி அடுப்பை விட்டுக் குசினி வாசலுக்கு வந்து நின்றார்.

“கோயிலடி,” என்றார் கந்தையா, என்னைப் பாராமல்.

கோயிலடியில் பதினொரு வீடுகள். அத்தனை வீட்டாரும் அம்மாவின் சொந்தக்காரர். இவர் அவர்களில் ஒருவரில்லை.

முருகேசர் என் பக்கம் திரும்பினார். “அப்ப தம்பிக்கு இவையளைத் தெரிஞ்சிருக்குமே?”

இல்லை என்றால் நாளைக்கு இவர்களை அந்தக் கிணற்றடிக்கு விடுவார்களா?

“ஓம், தெரியும். அம்மாவுக்குச் சொந்தம்.”

முருகேசரின் முகம் மலர்ந்தது. “நல்லதாப் போச்சு. என்ர பெடியன் இவரின்ர மகளைத்தான் கட்டுவன் எண்டு நிக்கிறான். விசாரிக்க ஆளில்லாமல் இருந்தனான். ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவோடை ஒருக்காக் கதைக்கிறன்.”

என் கையாலேயே விலாசம் எழுதிக் கொடுத்தேன். மத்தியானம் கந்தையா வீட்டிலேயே கை நனைத்தேன்; சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். மீதிக் கேள்விகளை நான் கேட்கவில்லை.

2.00. ஒழுங்கை ரோட்டில் ஏறும் இடம்வரை கந்தையா கூடவே வந்தார். “தம்பி, அம்மா ஓம் எண்டு சொல்லுவாவோ?”

“நான் கதைக்கிறன். யோசியாதேங்கோ.”

ஏழு மைலும் நான்தான் யோசித்தேன். ஒரு பெண்ணின் கலியாணத்தை அம்மாவின் நாக்கில் வைத்துவிட்டு வருகிறேன். ஏற்றத்தாழ்வைப் படிக்கப் போனவன் செய்த வேலை இது.

மாலை 6.40. வீடு. வெள்ளிக்கிழமை, அம்மா விளக்கேற்றிவிட்டு வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு சொல், சொந்தம் என்று சொன்னால் போதும் என்று கெஞ்சினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அவையின்ரை வீட்டிலை கை நனைச்சனியே?”