வாயில்லாத பூச்சி

சேரம்பாடி எஸ்டேட்டில் கொழுந்து பறித்த எங்களை மேய்த்த சூப்பர்வைசர் நெட்டையான ஆள். எதற்கெடுத்தாலும் குச்சியை நீட்டுவார். டீ குடிக்கக்கூட உட்கார விடமாட்டார். ஒருநாள் தேயிலைச் செடியில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அந்துப்பூச்சி. இறக்கை நுனி பாம்புத்தலை மாதிரி இருந்ததால் அலறிவிட்டோம்.

“பாம்பில்ல, பூச்சி. அந்தச் செடிய மட்டும் விட்டுட்டுப் பறிங்க” என்றார்.

“நேத்து அத்தாம்பெரிய பட்டாம்பூச்சியக் குச்சியால வெரட்டுனீங்களே சார்?”

“அது எங்க போனாலும் தேன் குடிச்சுக்கும். இதுக்கு வாயே கெடையாது, சாகுற வரைக்கும் பட்டினி. வெரட்டுனா பறந்து பறந்து இருக்குற தெம்பும் தீந்து சீக்கிரம் செத்துரும்.”

“எங்களுக்கு வாய் இருக்குதுங்க சார்” என்று சொல்லி உட்கார்ந்து டீத் தூக்கைத் திறந்தேன். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கத்துவார் என்று பார்த்தேன். அவர் பூச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன ஆளோ, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.