மாட்டாத ஹெட்போன்

எதுவும் மாட்டாமலேயே ஹெட்போன் மாட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு கனவில் கிடக்கும் போன்களைத் தட்டி எழுப்புவதுதான் எங்கள் பிழைப்பு.

உங்களுக்கும் இது நடந்திருக்கும். பாட்டுப் போடுவீர்கள், சத்தம் வராது. போன் வரும், மணி அடிக்கும், எடுத்தால் அந்தப் பக்கம் ஒரே அமைதி. திரையின் மேல் மூலையில் சின்னதாக ஒரு ஹெட்போன் படம் உட்கார்ந்திருக்கும். நிஜ ஹெட்போனை நீங்கள் கண்ணால் பார்த்தே மாதக்கணக்காகியிருக்கும். அணைத்துப் போடுவீர்கள், ஊதுவீர்கள், உள்ளங்கையில் தட்டுவீர்கள், மச்சினனைக் கேட்பீர்கள். கடைசியில் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து ரங்கநாதன் தெருவுக்குள் இறங்கும் கூட்டத்தோடு வந்து, பக்கத்துச் சந்தில் ஆறடிக்கு நாலடி இருக்கும் எங்கள் கடையில் ஒதுங்குவீர்கள். தலையில் லென்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கலைச்செல்வி நான்தான். நீங்கள் போனை என்னைத் தாண்டி, என்னோடு கடையில் பற்றவைக்கிற வேலை பார்க்கும் யூசுப் பாயிடம் நீட்டுவீர்கள். அவர் அதை வாங்கி என்னிடமே கொடுப்பார். எனக்கும் அவருக்கும் இது பழகிவிட்டது.

தூசியில் தெரிவது

போனில் ஹெட்போன் செருகும் ஓட்டைக்கு ஜாக் என்று பெயர். அதற்குள் ஏதாவது போய் உட்கார்ந்துகொண்டால் போன் அதை ஹெட்போன் என்று நம்பிவிடுகிறது. வருகிற குரலையெல்லாம் அந்தப் பக்கமே அனுப்பிவிட்டு, நீங்கள் பேசுவதையும் அந்தப் பக்கமே தேடிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறது. நான் லென்ஸை இறக்கிக்கொண்டு, உள்ளே இருப்பதைச் சிறு இடுக்கியால் எடுத்து வெள்ளைத் தாளில் வைப்பேன். விபூதி வந்தால் சட்டைப் பையில் பொட்டலம் வைத்துக்கொள்கிற ஆள். வாழைநார் வந்தால் பூக்கட்டுகிறவர். மரத்தூள் வந்தால் தச்சு வேலை. கடற்கரை மணல் வந்தால் பெசன்ட் நகர், அநேகமாகத் தனியாகப் போயிருக்க மாட்டார்கள்.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்கும். அப்படி ஒரு நாள், மூன்று மணல் துகளை வைத்து ஒரு முழுச் சாயங்காலத்தையே மனதுக்குள் கட்டிவிட்டேன். அலை வந்தது, சுண்டல் வந்தது, ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். போனின் சொந்தக்காரர் எதிரே நின்று இரண்டு தடவை இருமியது எனக்குக் கேட்கவேயில்லை. யூசுப் பாய் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தூசி எடும்மான்னா, ஜோசியம் பாத்துக்கினு கீறியே கலைம்மா!"

ஜரிகை

போன ஆடித் தள்ளுபடி சமயத்தில், காலையில் கடையைத் திறந்ததும் சிவா வந்தான். நாலு கடை தள்ளி இருக்கும் ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவில் வேலை. புடவையைத் தன் தோளிலேயே போட்டு, முந்தானையை விரித்துக் காட்டி வாங்க வைக்கிறவர்களில் ஒருவன். ஆவணி முதல் முகூர்த்தத்தில் வடபழனி கோயிலில் அவனுக்குக் கல்யாணம். பெண் தேவி, அசோக் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆடி முடிகிறவரை மாப்பிள்ளை பெண் வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருந்தார்கள். ஆக, இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரே வழி இந்தப் போன்தான்.

முந்தின நாள் சாயங்காலம் தேவி கூப்பிட்டிருக்கிறாள். இவன் எடுத்து ஹலோ ஹலோ என்று கத்தியிருக்கிறான். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் உடனே வைத்துவிடவில்லை. நாலு நிமிஷம் பதினோரு வினாடி கழித்துத்தான் வைத்திருக்கிறாள். 'போன் ரிப்பேர், என்ன சொன்னே?' என்று இவன் செய்தி அனுப்ப, 'ஒண்ணும் இல்ல' என்று பதில் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு எதற்கும் பதில் இல்லை. சிநேகிதன் போனிலிருந்து கூப்பிட்டால், தெரியாத நம்பரை அவள் எடுப்பதில்லை. 'ஒண்ணும் இல்ல' என்றால் என்ன அர்த்தம் என்று பட்டுப் பிரிவு முழுக்கக் கேட்டிருக்கிறான். கல்யாணமானவர்கள் எல்லாரும் அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்களாம்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஓர் இழை பளபளத்தது. நாள் முழுக்கப் பட்டுப்புடவையைத் தோளில் போட்டு எடுக்கிறவர்களின் சட்டைப் பையில் ஜரிகைப் பிசிர் சேரும், அது உலோகம், போனை ஏமாற்ற அது ஒன்றே போதும். அதோடு விட்டிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. இவன் புடவையில் குத்தும் குண்டூசியால் குடைந்து, உள்ளே இருந்த தகடுகளை வளைத்து வைத்திருந்தான். ஜாக்கையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. ரிச்சி தெருவிலிருந்து சாமான் வர மத்தியானம் ஆகும் என்றேன்.

இழையை எடுத்துத் தாளில் வைத்தேன். அந்த நாலு நிமிஷப் பேச்சு எங்கே போயிருக்கும் என்று எனக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. இல்லாத ஒரு ஹெட்போனுக்குள் ஒரு பெண் அவ்வளவு நேரம் பேசியிருக்கிறாள். இழையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வார்த்தையாவது வெளியே வராதா என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 

சிவா எழுந்தான். "புடவைன்னா நாள் பூரா பேசுவேன் அக்கா. அவகிட்ட ஹலோவைத் தாண்டிப் பேச்சு வராது. இப்ப அந்த ஹலோவும் போய்ச் சேரலை."

ஸ்பீக்கர் வைத்தியம்

ஸ்பீக்கரைப் போட்டுப் பேசலாமே என்பீர்கள். வாஸ்தவம்தான், கனவில் இருக்கிற போன்கூட ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கினால் பேசும். சிவாவிடமும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு, அங்கேயே நின்று தேவியைக் கூப்பிட்டான். மணி போய்க்கொண்டே இருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிறவரை டீச்சர்களின் போனெல்லாம் தலைமையாசிரியை மேசைக்குள் இருக்குமாம். அறைக்குப் போய் ஸ்பீக்கரில் பேசலாம் என்றால், அவன் இருப்பது மேன்ஷனில், ஒரே அறையில் ஆறு பேர். அதனால்தான் போனை என்னிடமே விட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

எனக்கும் ஸ்பீக்கர் வைத்தியத்தில் நம்பிக்கை போய்விட்டது. தாம்பரத்திலிருந்து தினம் ரயிலில் வரும் ஓர் அக்கா, போன் இப்படி ஆனதும் மூன்று வாரம் ஸ்பீக்கரிலேயே காலம் தள்ளினார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு. பல்லாவரத்தில் ஜாதகம் பொருந்தும், கிண்டியில் மாப்பிள்ளையின் அக்கா ஏதாவது சொல்லுவார், சைதாப்பேட்டை வருவதற்குள் பெண்கள் பெட்டி முழுக்கக் கொதித்துப் போயிருக்கும். நான் ஜாக்கிலிருந்து ஒரு கொத்துப் பஞ்சை எடுத்துச் சரிசெய்து கொடுத்தேன். மறுநாள், அதே பெட்டியில் வருகிற வேறொரு அம்மா கடையைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"நல்லா ரிப்பேர் பண்ணீங்க போங்க! இப்ப மாப்பிள்ளை வீட்டுல என்ன சொன்னாங்கன்னு நாங்க யாரைப் போய்க் கேக்கிறது?"

அரிசி டப்பா

சிவாவின் போன் மேசையில் திறந்து கிடந்தது, சாமான் இன்னும் வரவில்லை. அந்த நேரத்தில் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்தார். போன் பாத்திரம் தேய்க்கிற தொட்டியில் விழுந்துவிட்டதாம். ஈரம் போக அரிசியில் போட்டு வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள் என்று, இரண்டு நாள் டப்பாவில் புதைத்து வைத்து எடுத்திருக்கிறார். ஈரம் போய்விட்டது. ஹெட்போன் படம் வந்துவிட்டது.

இடுக்கியை விட்டதும் முழுசாக ஓர் அரிசி வெளியே வந்தது. உள்ளே இருந்த ஈரத்தையெல்லாம் குடித்துக் கொஞ்சம் பூரித்திருந்தது. வெள்ளைத் தாளில் அதை வைத்ததும், டப்பாவின் இருட்டுக்குள் அந்தப் போன் இரண்டு நாள் அடித்து அடித்து ஓய்ந்திருக்கும் என்று தோன்றியது. யாரெல்லாம் கூப்பிட்டார்களோ. மாமி அரிசியை என்னைவிட உன்னிப்பாகப் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னேன், துவரம்பருப்புல வைக்கலாம், அது குண்டு, உள்ள போகாதுன்னு. எங்காத்துல எம்பேச்சை யார் கேக்கறா?"

சோதனைக் குரல்

பன்னிரண்டரைக்குச் சாமான் வந்தது. யூசுப் பாய் பழைய ஜாக்கைப் பெயர்த்துப் புதியதை வைத்துப் பற்றவைத்தார். மூலையிலிருந்த படம் மறைந்தது. இனி சோதிக்க வேண்டும். அதற்கு எங்களுக்கு ஒரு முறை உண்டு. பாய் தன் போனோடு சந்து முனைக்குப் போய்க் கூப்பிடுவார். நான் எடுத்து, எப்போதும் சொல்லுகிற அதே வாக்கியத்தைச் சொல்லுவேன். அன்றைக்கும் பாய் போனார். சந்தில் வெயில் ஒரு நாடாவாக விழுந்திருந்தது, அதன் வழியாக ஆடிக் கூட்டத்தின் பைகளும் தலைகளும் போய்க்கொண்டே இருந்தன. நான் அதில் எங்கேயோ போய்விட்டேன். போன் அடித்தது. பெயரைப் பார்க்காமல் எடுத்தேன். "சொல்லுங்க, பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரியே இருக்கு" என்றேன்.

 அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், "நீங்க யாரு?" என்றது. திரையைப் பார்த்தேன். தேவி.

 ஏற்கனவே கோபத்தில் இருக்கிற பெண்ணிடம், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனின் போனில், ஒரு பொம்பளை பேசுகிற பேச்சா இது? கடை, ஜாக், ஜரிகை, குண்டூசி என்று மூச்சு விடாமல் கொட்டினேன். அவள் நம்பவில்லை. அதற்குள் பாய் திரும்பி வந்து, என் முகத்தைப் பார்த்துப் போனைப் பிடுங்கி, "ரிப்பேர் கடைம்மா இது, யூசுப் பாய் பேசறேன், அந்தப் புள்ள குண்டூசில குத்திக் கெடுத்து வெச்சிக்கிது" என்றார். பாயின் குரலை யாரும் சந்தேகப்பட முடியாது. போன் மறுபடி என்னிடம் வந்தது.

"அப்ப நேத்து நான் பேசினது?" என்று கேட்டாள். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, அவன் கத்தினதும் உனக்குக் கேட்டிருக்காது என்றேன்.  அவளுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான் என்று அப்புறம்தான் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது.

"அம்மாவை நம்மகூட வெச்சிக்கலாமான்னு கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அதான் பதில்னு நினைச்சுட்டேன். ரிப்பேர்னு சொன்னதைச் சமாளிக்கிறார்னு நினைச்சேன். இன்னிக்கு வீட்டுக்குப் போய் மாமாகிட்ட கல்யாணம் வேண்டாம்னு சொல்லப் போறேன், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

இரண்டாவது மாடி

அவளுக்குச் சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அதற்கப்புறம் போன் மறுபடி மேசைக்குள் போய்விடும். வைத்துவிடாதே என்று கெஞ்சினேன். பாய் செருப்பைக்கூடப் போடாமல் ஜவுளிக் கடைக்கு ஓடினார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவள் பக்கத்திலிருந்து பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் வந்தது. என் பக்கத்திலிருந்து அவளுக்குத் தள்ளுபடி அறிவிப்பு போயிருக்கும். ஒரு வார்த்தை இல்லாமல் இரண்டு பேர் அவ்வளவு நெருக்கமாக இருக்க முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.  சிவா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நான் எதற்கு இந்தப் போனைச் சரிசெய்தேன் என்றிருக்கும்.

சிவா வந்தான். தோளில் ஒரு மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை அப்படியே கிடந்தது. அங்கே யாரோ ஒரு அம்மாள் புடவை எங்கே என்று தேடிக்கொண்டிருந்திருப்பார். போனை வாங்கிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் மறுபடி முதலிலிருந்து சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவ்வளவு நன்றாக ரிப்பேர் செய்திருந்தோம். யூசுப் பாய் சும்மா இருக்க முடியாமல் கழுத்தை நீட்டிப் பார்த்தார். சிவா ஊம் கொட்டக்கூட இல்லை, முந்தானையின் முனையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டு கேட்டபடியே இருந்தான். பேசிவிடேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு.

கடைசியில் வாயைத் திறந்தான். "அத்தையால மாடி ஏற முடியுமா தேவி? நான் பாத்து வெச்சிருக்கிற வீடு ரெண்டாவது மாடி. முடியாதுன்னா இன்னிக்கே வேற பாக்கணும்."

ஜாக் மாற்றினால் நாங்கள் மூன்று மாதம் உத்தரவாதம் தருவோம், அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதிலுக்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை, ஆனால் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் துணிந்து தந்திருக்கலாம்.