ரசாயனம் என்று எழுதச் சொன்னவன்

திருப்பாலைக்குடியில் கடலைப் பார்த்து நிற்கிற, மிளகாய் மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கி நான் கட்டியது. கடலாடியில் இருக்கிற மண்டி நான் கட்டியது. இரண்டு லாரி, ரோட்டோரம் கல்வீடு, எல்லாம் நான் சம்பாதித்தது. படிப்பு மூணாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. எங்கள் ஆட்கள் கரிசலில் மிளகாய் போட்டு, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள். எங்கள் வகையறாவில் தராசுக்கு அந்தப் பக்கம் முதலில் போய் நின்றவன் நான்தான். துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவதில் என்னை ஏமாற்றிய வியாபாரி இன்னும் பிறக்கவில்லை. சும்மா சொல்லவில்லை, விசாரித்துப் பாருங்கள்.

ஆனால் கிட்டங்கி விஷயத்தில் நான் முட்டாளானேன். அடுத்தவன் சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

கடலுக்குத் தள்ளியிருக்கிற எங்கள் ஊர்ப் பக்கம் குண்டு மிளகாயைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்குவோம். உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட்டால் காய்ந்த சரக்கு. அதற்கப்புறம் காற்றோட்டமாகப் போட்டு வைத்தால் போதும், கெடாது. அந்தப் புத்தியோடு போய்க் கடலோரத்தில் கிழக்கே பெரிய பெரிய ஜன்னலாக வைத்துக் கட்டினேன். என்ன காற்று, என்ன காற்று என்று நானே மெச்சிக்கொண்டேன். ஒரே மாதத்தில் பாதிச் சரக்கு வெள்ளையாகப் பூசணம் பூத்துவிட்டது. மறுவருஷமும் அப்படியே. இன்னும் இரண்டு மூணு வருஷம் இப்படிப் போனால் கட்டடத்தை விற்றுவிட்டு மறுபடியும் ஏர் பிடிக்க வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி எஸ்.எஸ்.எல்.சி. தேறினான். எங்கள் ஊரிலிருந்து காலேஜுக்குப் போகிற முதல் ஆள் அவன். எங்களைப் பெற்ற அய்யாவுக்கு அவன் வக்கீலாக வேண்டும். எனக்குக் காமர்ஸ். வியாபாரத்துக்கென்றே ஒரு படிப்பு இருக்கும்போது வேறு எதைப் படிப்பது? தம்பியோ ரசாயனம் என்றான். மண்டிக்கு வருகிற தரகர் ஒருவர், தம்பி சோப்புக் காய்ச்சப் போறாராக்கும் என்று என் காதுபடவே சொல்லிச் சிரித்தார்.

தம்பி எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை. விண்ணப்பத்தில் பாடம் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு, அனுப்பக் கடைசி நாளன்று கிட்டங்கிக்கே கொண்டுவந்தான். நீங்கள் சொல்வதை எழுதுகிறேன் என்றான். அதற்கு முன்னால் ஒரு நிமிஷம் என்று ஒரு டப்பாவையும் ஒரு தட்டையும் எடுத்து வைத்தான். இரண்டிலும் ஒரே மூட்டையிலிருந்து அள்ளிய மிளகாய். பத்து நாளாகப் பாதியை டப்பாவில் இறுக மூடியும், பாதியைத் தட்டில் ஜன்னலோரம் திறந்தும் வைத்திருக்கிறான். டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து என் காதருகே குலுக்கினான். கலகலவென்றது. தட்டிலிருந்து ஒன்று. சத்தமே இல்லை.

"இது ஏண்ணே ஊமையாப் போச்சு?"

"கடக்காத்துல நமத்துப் போச்சுடா."

"நம்ம ஊர்லயும்தான் காத்தடிக்கிது. இந்தக் காத்துல மட்டும் என்ன இருக்கு?"

நான் தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்துக் குலுக்கினேன்.

"யாவாரம் உங்களுக்குத் தெரியும்ணே. காமர்ஸ் படிச்சா உங்களுக்குத் தெரிஞ்சது எனக்கும் தெரியும், அம்புட்டுத்தான். நம்ம வீட்ல யாருக்கும் தெரியாதத நான் படிச்சிட்டு வாரேன்."

பதினேழு வயசு அவனுக்கு. எத்தனையோ வியாபாரிகளின் விரலைப் பிடித்தே மனசைப் படித்தவன் நான். அன்றைக்கு அவன் கேட்ட விலைக்கே படிந்தேன்.

"ஏலே, ரசாயனம்னே எழுது" என்று சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டேன். அய்யா பொங்கல் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

இரண்டாம் வருஷ லீவில் வந்தவன் கிழக்கு ஜன்னலையெல்லாம் அடைக்கச் சொன்னான். கிழக்கேயிருந்து வருகிற காற்றுக்கு மீன்பிடிக்கிறவர்கள் கொண்டல் என்பார்கள். சரக்கைக் கெடுத்தது அதிலிருக்கிற ஈரம்தான். மேற்குச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்து, தரைப்பக்கமிருந்து காய்ந்த காற்று வீசும்போது மட்டும் திறக்கச் சொன்னான். மூட்டைக்கு அடியில் பலகை. மூலைக்கு மூலை, தண்ணீர் படாத கிளிஞ்சல் சுண்ணாம்பு போட்ட பானை. சுண்ணாம்பு ஈரத்தைக் குடித்துத் தூளாக உதிர்ந்ததும் மாற்ற வேண்டும். சுண்ணாம்புக் காளவாய் எங்கள் கிட்டங்கிக்குப் பின்னாலேயே இருந்தது. தினமும் அந்தப் புகையைத் தாண்டித்தான் போய்வந்தேன், எனக்குத் தோன்றியதா?

அந்த மழைக்காலம் முடிந்து மூட்டையைப் பிரித்தோம். சோப்பு என்று சிரித்த தரகர் ஒவ்வொரு மூட்டையிலும் கைவிட்டு எடுத்துக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தார். எல்லாம் பேசியது. அப்புறம் எங்கள் சரக்கென்றால் குலுக்காமலே வாங்கினார்கள்.

என் தம்பியைப் போல ஓர் ஆளை நான் கண்டதில்லை. உங்கள் வியாபாரிகள் சங்க மலரில் அவன் படத்தைப் போட்டு, படித்தவர் வந்துதான் மண்டி நிமிர்ந்தது என்று அச்சடித்திருக்கிறீர்கள். சரிதான், ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். ஆனால் ஊரே சிரித்தபோது, அய்யா முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, அந்தக் காலி இடத்தில் என்ன எழுதுவதென்று சொன்னவன் நான். காமர்ஸ் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் எழுதியிருப்பான். அடுத்த மலரில் அவன் படத்துக்குக் கீழே அதையும் போடுங்கள். சின்ன எழுத்தில் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.