ஆதிராவின் ஒரு வருடம்

பூதப்பாண்டிக்குப் பக்கத்திலுள்ள பள்ளியில் நேசபாய் டீச்சர் கணக்கு எடுக்கிறார். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் அடுத்து என்ன படிக்கலாம் என்று சொல்லும் பொறுப்பும் அவருக்குத்தான். முதல் வருடம் அவர் மதிப்பெண்ணை மட்டுமே பார்த்தார். நானூற்று எழுபது வாங்கிய ஆதிரா, பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்க ஆசைப்பட்டாள்.

"இவ்வளவு மார்க்கு வாங்கிட்டு அங்கயா மக்கா? பயாலஜி குரூப் எடு," என்று சேர்த்துவிட்டார்.

மறு வருடம் ஆதிராவின் அம்மா வந்து நின்றார்.

"ரெண்டு பாடத்துல தோத்துட்டா டீச்சர். புக்கைத் தொடவே மாட்டேங்கா."

பாலிடெக்னிக் எப்படி இருக்கும் என்று தான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் நேசபாய்க்கு உறைத்தது. மறுநாளே ஆதிராவை அழைத்துக்கொண்டு நாகர்கோவில் பஸ் ஏறினார். அங்கே பாலிடெக்னிக் பட்டறையில் லேத் ஓடுவதை ஆதிரா நகராமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு ஒரு வருஷம் போச்சு. என் தப்புதான் மக்கா."

"அது போட்டும் டீச்சர். இந்த வருஷம் சீட் கிடைக்குமா?"

கிடைத்தது. ஆதிரா இப்போது கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். நேசபாய் ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு அதே பஸ்ஸில் போகிறார்.